கார்டில் அச்சடித்த எண்களில் எதை நம்பி மெமரி கார்டு வாங்குவது?

தேன்சிட்டு:

அனைவருக்கும் வணக்கம். சோனி ஆல்ஃபா 7 மார்க் 3 கேமராவுக்கு மெமரி கார்டு வாங்க வேண்டும். எடுப்பது முக்கால்வாசி பறவைகள், ரா ஃபைலில் (சென்சார் தந்த தகவலை அப்படியே வைக்கும் ஃபைல்), நொடிக்கு 10 படம் வீதம் பர்ஸ்ட் (ஷட்டரை விடாமல் தொடர்ந்து எடுப்பது). அவ்வப்போது நிகழ்ச்சிகள், அதில் கொஞ்சம் 4கே வீடியோவும் உண்டு.

இப்போது இருப்பது 64 ஜிபி யூஎச்எஸ்-1 கார்டு ஒன்று. முகப்பில் பெரிய எழுத்தில் 170 எம்பி என்று போட்டிருக்கிறது. ஆனால் நீளமாக ஒரு பர்ஸ்ட் அடித்துவிட்டால் எழுதும் விளக்கு வெகுநேரம் எரிகிறது. அது அணையும்வரை மெனுவில் பாதிக்குமேல் மங்கிக் கிடக்கிறது, எடுத்ததைச் சரியாகப் பார்க்கவும் முடிவதில்லை. 170 எம்பி வேகமுள்ள கார்டு ஏன் இப்படி இழுக்கிறது?

தெரிய வேண்டியவை: யூஎச்எஸ்-2 கார்டுக்கு மாறினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா? வி30, வி60, வி90 இவற்றில் எது போதும்? 128 ஜிபி ஒன்றா, 64 ஜிபி இரண்டா? போனில் இருந்து கழற்றிய மைக்ரோஎஸ்டி கார்டை அடாப்டரில் வைத்து இரண்டாவது ஸ்லாட்டில் போடலாமா?


நிழல்விரல்:

அந்த 170, படிக்கும் வேகம். கார்டிலிருந்து கணினிக்குப் படங்களை இறக்கும்போது கிடைப்பது. அதுவும் எல்லா ரீடரிலும் கிடைக்காது. யூஎச்எஸ்-1 இணைப்பின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பிதான். அதைத் தாண்டி 170, 200 என்று போடும் நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்த ஒரு வேக முறையை நம்பி அந்த எண்ணைப் போடுகின்றன. அந்த முறை தெரிந்த ரீடரில் செருகினால்தான் அது வரும். கேமராவுக்கு அது தெரியாது. கேமராவுக்குள் போனதும் அது 104-க்குக் கட்டுப்பட்ட சாதாரண யூஎச்எஸ்-1 கார்டு. எழுதும் வேகம் அதற்கும் கீழே. பின்பக்க அட்டையிலோ நிறுவனத்தின் விவரப் பக்கத்திலோ "எழுதும் வேகம்" என்று தனியாக, சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். படம் எடுப்பவர் தேட வேண்டியது அந்த எண்ணை.

கார்டின் முகப்பில் இருக்கும் மற்ற குறிகளையும் சொல்லிவிடுகிறேன், இவற்றில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று இருப்பது இணைப்பின் வகை: யூஎச்எஸ்-1 அல்லது யூஎச்எஸ்-2. யூ என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3 என்று இருப்பது வேறு சங்கதி. அது குறைந்தபட்ச எழுதும் வேகத்துக்கான உறுதி: யூ1 என்றால் நொடிக்கு 10 எம்பி, யூ3 என்றால் 30 எம்பி. "என்னுடையது யூ3, அதனால் யூஎச்எஸ்-2-வை விட உசத்தி" என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். வட்டமான சி எழுத்துக்குள் 10 என்று இருந்தால் அதுவும் 10 எம்பி உறுதிதான், பழைய குறி. 2016-இல் வந்த வி வரிசை எல்லாவற்றிலும் நேரடியானது. வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது. வி60-க்கு 60, வி90-க்கு 90.

ஏ1, ஏ2 குறிகள் போனில் செயலிகளைக் கார்டிலிருந்தே ஓட்டுவதற்காக வந்தவை. சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கங்கே படித்து எழுதும் திறனை அளப்பவை. கேமரா பெரிய ஃபைல்களை வரிசையாக எழுதும் கருவி, அதனால் இந்தக் குறியை விட்டுவிடலாம். 633 மடங்கு, 1000 மடங்கு என்று போடும் கார்டுகளும் உண்டு. ஒரு மடங்கு என்பது நொடிக்கு 150 கிலோபைட். ஆக 633 மடங்கு 95 எம்பி, 1000 மடங்கு 150 எம்பி. பெரும்பாலும் அதுவும் படிக்கும் வேகமே.

இனி உங்கள் கேமரா. அதில் இரண்டு ஸ்லாட்டும் ஒரே வகை அல்ல. ஸ்லாட் 1 யூஎச்எஸ்-2, ஸ்லாட் 2 வெறும் யூஎச்எஸ்-1. கீழே இருப்பதுதான் ஸ்லாட் 1. மேலே இருப்பதை ஒன்று என்று நினைத்து விலை கூடிய கார்டை அங்கே செருகிவிட்டு "யூஎச்எஸ்-2 வாங்கியும் பலனில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. கதவைத் திறந்து எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

யூஎச்எஸ்-2 கார்டைத் திருப்பிப் பார்த்தால் பொன்முலாம் பூசிய தொடுபுள்ளிகள் இரண்டு வரிசையாக இருக்கும். யூஎச்எஸ்-1 கார்டில் ஒரே வரிசை. அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் அமைப்பு ஸ்லாட்டிலும் இருந்தால்தான் கூடுதல் வேகம். இல்லாவிட்டால் கார்டு கெடாது, யூஎச்எஸ்-1 வேகத்தில் வேலை செய்யும், அவ்வளவுதான். வி60, வி90 உறுதியும் யூஎச்எஸ்-2 ஸ்லாட்டில் இருக்கும்போது மட்டுமே செல்லும்.


சாம்பல்நாரை:

பர்ஸ்ட் விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் கேமராவில் கம்ப்ரஸ்டு (சுருக்கிய) ரா ஒன்று சுமார் 25 எம்பி, அன்கம்ப்ரஸ்டு (சுருக்காத) ரா சுமார் 47 எம்பி. நொடிக்கு 10 படம் என்றால் கம்ப்ரஸ்டிலேயே நொடிக்கு 250 எம்பி உற்பத்தியாகிறது. உங்கள் யூஎச்எஸ்-1 கார்டில் எழுதுவது நொடிக்கு 80 எம்பி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 170 எம்பி ஒவ்வொரு நொடியும் பஃபரில், அதாவது கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் கேமராவின் தற்காலிக நினைவகத்தில், சேர்கிறது. சோனி கொடுக்கும் கணக்குப்படி கம்ப்ரஸ்டு ராவில் 89 படமும் அன்கம்ப்ரஸ்டில் 40 படமும் வரை தொடர்ந்து ஓடும், பிறகு வேகம் விழும்.

பஃபரில் 1,600 எம்பி காத்திருக்கும்போது ஷட்டரை விட்டீர்கள் என்று வையுங்கள். 80 எம்பியில் எழுதினால் அது காலியாக 20 நொடி. 160 எம்பியில் எழுதினால் 10 நொடி. யூஎச்எஸ்-2-வால் கிடைக்கும் லாபம் இதுதான். பர்ஸ்ட்டின் நீளம் ஓரளவுதான் கூடும். முதல் பர்ஸ்ட் முடிந்து அடுத்ததற்குக் கேமரா தயாராகும் நேரம்தான் நன்றாகக் குறையும். மீன்கொத்தி முக்குளித்து எழுந்து, கிளையில் உட்கார்ந்து, மறுபடி பாய அந்தப் பத்து நொடி போதும்.

கார்டில் 250 எம்பி எழுதும் வேகம் என்று போட்டிருந்தாலும் இந்தக் கேமரா அதை முழுக்கப் பயன்படுத்தாது. கார்டு, ஸ்லாட், கேமராவுக்குள் இருக்கும் எழுதும் சுற்று, மூன்றில் எது மெதுவோ அதுதான் உங்கள் வேகம். ஆகவே வி90 வரிசையில் உச்சமான கார்டுக்குப் போக வேண்டாம். நல்ல வி60 கார்டு இந்தக் கேமராவுக்குச் சரியான இடம்.

கார்டு வாங்காமலே செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. அன்கம்ப்ரஸ்டு ராவில் எடுக்கிறீர்கள் என்றால் பறவைக்கு மட்டும் கம்ப்ரஸ்டுக்கு மாறுங்கள். எழுத வேண்டிய சுமை பாதியாகிவிடும். படத்தில் இழப்பு தெரிவது மிகக் கூர்மையான ஒளி வேறுபாடு உள்ள விளிம்புகளில், நிழலைப் பலமாக ஏற்றும்போது மட்டும். ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுப்பதையும் பறவைக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கூடுதலாக ஒரு ஜேபெக் எழுதப்படுகிறது.


தேன்சிட்டு:

மிக்க நன்றி இருவருக்கும். சந்தேகம் ஒன்று. புதிய வி60 கார்டை ஸ்லாட் 1-இல் போட்டு, பழைய கார்டை ஸ்லாட் 2-இல் போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வைத்தால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, வேகத்துக்கு வேகம் என்று ஆகாதா?


ஒற்றைப்பனை:

ஆகாது. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் எழுதி முடித்த பிறகுதான் பஃபரில் அதன் இடம் காலியாகும். அதனால் மெதுவான கார்டின் வேகமே மொத்த வேகம். ஸ்லாட் 2 யூஎச்எஸ்-1 என்பதால் அங்கே எந்தக் கார்டைப் போட்டாலும் இதே கதை. கேனான் 5டி மார்க் 3-இல் இது இன்னும் மோசம். அதில் ஒரு ஸ்லாட் காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற வேறு வகைக் கார்டுக்கு, இன்னொன்று எஸ்டி கார்டுக்கு. அந்த எஸ்டி ஸ்லாட் யூஎச்எஸ்-ஐயே ஏற்காது, எஸ்டி கார்டிலும் சேர்த்து எழுத வைத்தால் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டின் வேகமெல்லாம் வீண்.

செய்ய வேண்டியது:

பறவைக்குப் போகும்போது ரா மட்டும், ஸ்லாட் 1 மட்டும். ஸ்லாட் 2-ஐ முதல் கார்டு நிறைந்தால் தானாக மாறும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்குப் போகும்போது ரா ஸ்லாட் 1-க்கு, ஜேபெக் ஸ்லாட் 2-க்கு என்று பிரித்துவிடுங்கள். மெனுவில் பதிவு முறைக்குள் ரா, ஜேபெக் பிரிப்பு என்று இருக்கும். ஜேபெக் ஒன்று சுமார் 10 எம்பி என்பதால் யூஎச்எஸ்-1 கார்டு தாங்கும். முதல் கார்டு செத்தாலும் கொடுக்கத்தக்க படம் கையில் இருக்கும்.

திரும்ப எடுக்கவே முடியாத சடங்கு, மேடை நேரம் என்றால் இரண்டிலும் ரா. அங்கே நொடிக்கு 10 படம் தேவைப்படாது, வேகக் குறைவு தெரியாது.


கருவிழி:

வீடியோ பக்கம் நான் சொல்கிறேன். இங்கே குழப்பம் எல்லாம் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் ஒன்றாக வாசிப்பதால் வருவது. கேமராவின் மெனுவில் 100 என்று இருப்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். கார்டின் மேல் இருப்பது மெகாபைட். வி30 கார்டு 30 மெகாபைட்டை உறுதி தருகிறது, அதாவது 240 மெகாபிட். உங்கள் கேமராவின் உச்ச 4கே தரம் 100 மெகாபிட்தான். வி30 இரண்டு மடங்குக்கு மேல் போதும்.

ஆனால் சோனி கேமரா கார்டின் வகையைச் சரிபார்க்கும். 100 மெகாபிட் 4கே-வுக்கு யூ3 குறியுள்ள எஸ்டிஎச்சி (32 ஜிபி வரை உள்ளது) அல்லது எஸ்டிஎக்ஸ்சி (அதற்கு மேல் உள்ளது) கார்டு வேண்டும். 60 மெகாபிட்டுக்கு கிளாஸ் 10 (சி எழுத்துக்குள் 10) அல்லது யூ1 போதும். உள்ளதிலேயே வேகமான பழைய கார்டு என்றாலும் குறி பொருந்தாவிட்டால் பதிவைத் தொடங்க மறுக்கும். கேமரா பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

வி60, வி90 எப்போது அவசியம் என்றால் 400, 600 மெகாபிட் தரத்தில் எடுக்கும் கேமராக்களுக்கு. 400 மெகாபிட் என்பது 50 மெகாபைட், அதற்கு வி60. 600 மெகாபிட் என்பது 75 மெகாபைட், அதற்கு வி90. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் ஆல்-இன்ட்ரா முறையில் இந்த அளவுகள் வரும்.

கார்டு உச்ச வேகம் 150 எம்பி எழுதும் என்று போட்டிருந்தும் வி30 குறி மட்டுமே இருப்பது ஏன் என்று கேட்பார்கள். மலிவான கார்டுகளில் உள்ளே ஒரு சிறிய வேகப் பகுதி இருக்கும். முதலில் வருவதை அங்கே வாங்கிக்கொள்ளும். அது நிறைந்ததும் உண்மையான ஃபிளாஷ் நினைவகத்துக்கு நேராக எழுத வேண்டும், அங்கே வேகம் சரியும். பத்து நொடி சோதனையில் அபாரமாகத் தெரியும் கார்டு பத்தாவது நிமிடத்தில் வீடியோவை நிறுத்திவிடுவது இதனால்தான். புகைப்படத்தில் பஃபர் இதை மறைத்துவிடும், வீடியோவில் மறைக்க இடமில்லை. வி எண் அந்தக் கடைசி வேகத்துக்கான உறுதி என்பதால்தான் அதை நம்பச் சொல்கிறோம். அதுவும் ஃபார்மட் செய்த, துண்டுதுண்டாக அழித்து எழுதாத கார்டில்தான் அந்த உறுதி.

கொள்ளளவுக்கு: 100 மெகாபிட் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். 64 ஜிபி கார்டில் கிட்டத்தட்ட 85 நிமிடம். நிகழ்ச்சி வீடியோ எடுக்கிறவருக்கு 128-க்குக் கீழே வாங்குவது சரிவராது. நடுவில் கார்டு மாற்றும் அந்தக் கணத்தில்தான் மாலை மாற்றுவார்கள்.


சாம்பல்நாரை:

கொள்ளளவில் கருவிழியோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். வீடியோவுக்கு 128 சரி. புகைப்படம் மட்டும் என்றால் 64 ஜிபி கார்டு இரண்டு வாங்குவதே நல்லது. 25 எம்பி ராவுக்கு 64 ஜிபியில் சுமார் 2,500 படம் பிடிக்கும். ஒரு காலைப்பொழுதுக்கு அது தாராளம். ஒரு கார்டு போனால் பாதிதான் போகும்.


கருவிழி:

அந்த வாதத்துக்கு மறுபக்கமும் உண்டு. அடிக்கடி கார்டு மாற்றுவதே ஆபத்தான வேலை: எழுதும்போது பிடுங்குவது, தூசி, நிறைந்த கார்டையே திரும்பப் போட்டு ஃபார்மட் அடிப்பது, பையில் தொலைப்பது. இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் பெரிய கார்டைப் போட்டுக் கதவை மூடிவிட்டு, நகலை இரண்டாவது ஸ்லாட் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே ஸ்லாட் உள்ள கேமரா என்றால் நீங்கள் சொல்வது சரி.

இன்னொன்று: அதே வரிசையில் 32, 64 ஜிபி கார்டின் எழுதும் வேகம் 128-ஐ விடக் குறைவாக இருப்பது சாதாரணம். சிறிய கார்டில் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லுகள் குறைவு. ஒரே பெயர், ஒரே நிறம் என்று வாங்காமல் அந்தந்தக் கொள்ளளவுக்கான எண்ணைப் பாருங்கள்.


தேன்சிட்டு:

ஸ்லாட் 1-க்கு 128 ஜிபி வி60 என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். கார்டு போலியா என்று எப்படி உறுதிப்படுத்துவது? வீட்டில் ஒரு பழைய காம்பாக்ட் கேமரா இருக்கிறது, அதில் இந்த 64 ஜிபி கார்டைப் போட்டால் "கார்டு பிழை" என்கிறது. 4 ஜிபி கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது.


நிழல்விரல்:

காம்பாக்ட் கேமராவில் தவறு எதுவும் இல்லை. எஸ்டி கார்டுகளில் மூன்று தலைமுறை புழக்கத்தில் இருக்கின்றன. வெறும் எஸ்டி என்று முத்திரை இருப்பது 2 ஜிபி வரை. எஸ்டிஎச்சி 2-க்கு மேல் 32 ஜிபி வரை, ஃபைல் அமைப்பு ஃபேட்32. எஸ்டிஎக்ஸ்சி 32-க்கு மேல் 2 டிபி வரை, ஃபைல் அமைப்பு எக்ஸ்ஃபேட். புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும், பழைய கேமரா புதிய கார்டை ஏற்காது. 4 ஜிபி ஓடுகிறது என்றால் உங்கள் காம்பாக்ட் எஸ்டிஎச்சி வரை தெரிந்த கேமரா. அதற்கு 16 அல்லது 32 ஜிபி கார்டு வாங்குங்கள். 64 ஜிபி கார்டைக் கணினியில் ஃபேட்32-ஆக மாற்றிப் போட்டால் சில கேமராக்களில் ஓடவும் செய்யும், ஆனால் 32 ஜிபியைத் தாண்டும்போது என்ன நடக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. முக்கியமான படத்துக்கு அதை நம்பாதீர்கள்.

இதே காரணத்தால் பழைய கணினியிலோ பழைய ரீடரிலோ எஸ்டிஎக்ஸ்சி கார்டைச் செருகினால் "இந்தக் கார்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?" என்று கேட்கும். படங்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, ரீடருக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

போலி கார்டு. இதில் நடப்பது இதுதான்: உள்ளே 8 ஜிபி நினைவகம் இருக்கும், அதை நிர்வகிக்கும் சில்லு 128 ஜிபி என்று பொய் சொல்லும். கணினியிலும் 128 என்றே காட்டும். ஃபார்மட்டும் ஆகும். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்கு. அதற்கு மேல் எழுதுவது ஒன்று பழைய படத்தின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் போய்ச் சேராது. ஃபைலின் பெயரும் அளவும் பட்டியலில் இருக்கும், திறந்தால் சாம்பல் நிறம். ஆகவே நூறு படம் எடுத்துப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது சோதனையே ஆகாது. கார்டு முழுவதும் எழுதி, முழுவதையும் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக் இரண்டிலும் எஃப்3 என்ற இலவச நிரல்கள் இதைத்தான் செய்கின்றன. கார்டைக் காலி செய்துவிட்டு ஓட்டுங்கள். தெரிந்த தகவலைக் கார்டு நிறைய எழுதும், பிறகு படித்துச் சரிபார்க்கும். 128 ஜிபி கார்டுக்கு 80 எம்பி வேகத்தில் எழுதவே 27 நிமிடம் பிடிக்கும், படிப்பது தனி. ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்றே ஒன்று வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையில் சராசரி எழுதும் வேகமும் கிடைத்துவிடும், அது வி எண்ணுக்குக் கீழே போனால் அதுவும் சந்தேகத்துக்கு உரியது. ஆனால் மெதுவான ரீடரில் சோதித்துவிட்டுக் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

64 ஜிபி கார்டை விண்டோஸ் 59 சொச்சம் என்று காட்டுவது போலி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது.

மைக்ரோஎஸ்டி அடாப்டர் கேள்விக்கு: வேலை செய்யும், ஆனால் முதன்மைக் கார்டாக வேண்டாம். கார்டுக்கும் அடாப்டருக்கும் நடுவே ஒரு தொடுபுள்ளி வரிசை, அடாப்டருக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே இன்னொன்று. ஒன்றில் அழுக்குப் படிந்தாலும் பதிவு நடுவில் அறுபடும். சாதாரண அடாப்டர்களில் யூஎச்எஸ்-2 தொடுபுள்ளிகளும் இருக்காது. அவசரத்துக்கு ஒன்று பையில் கிடக்கட்டும்.


வெண்கொக்கு:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஆல்ஃபா 7 மார்க் 4. அதில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் வகை ஏ என்ற, எஸ்டி-யை விட வேகமான வேறு வகைக் கார்டும் போடலாம் என்கிறார்கள். அதற்குப் போவது தேவையா?


சாம்பல்நாரை:

ஸ்லாட் 1 மட்டும் இரண்டையும் ஏற்கும்: சிஎஃப்எக்ஸ்பிரஸ் வகை ஏ அல்லது எஸ்டி யூஎச்எஸ்-2. ஸ்லாட் 2 எஸ்டி மட்டும். 33 மெகாபிக்சலில் நீண்ட பர்ஸ்ட் உங்களுக்கு அன்றாடத் தேவை என்றால் பஃபர் காலியாகும் வேகத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். நிதானமாக எடுப்பவர், சாதாரண 4கே வீடியோ என்றால் வி60 எஸ்டி இரண்டு போதும். ஸ்லாட் 2-இலும் ரா நகல் எழுதினால் சிஎஃப்எக்ஸ்பிரஸ்ஸின் பலன் போய்விடும், மேலே ஒற்றைப்பனை சொன்ன அதே காரணம்.

வகை ஏ-வும் வகை பி-யும் அளவிலேயே வேறு. பி பெரியது, எக்ஸ்கியூடி என்ற பழைய வகைக் கார்டின் அதே வடிவம். நிகான் இசட்6, இசட்7 போன்ற எக்ஸ்கியூடி கேமராக்கள் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) மாற்றத்துக்குப் பிறகு அதை ஏற்கின்றன. சிஎஃப்எக்ஸ்பிரஸ்ஸில் வி எண் கிடையாது. விபிஜி200, விபிஜி400 என்று இருக்கும், நொடிக்கு 200, 400 எம்பிக்குக் குறையாது என்ற உறுதி. இந்தக் கார்டுக்குத் தனி ரீடர் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.


ஒற்றைப்பனை:

ரீடர் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. யூஎஸ்பி 2 ரீடர் நடைமுறையில் 35, 40 எம்பியைத் தாண்டாது. 64 ஜிபி நிறைந்த கார்டை இறக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. யூஎஸ்பி 3 ரீடரில் யூஎச்எஸ்-1 வேகத்தில் 12 நிமிடம். யூஎச்எஸ்-2 கார்டும் யூஎச்எஸ்-2 ரீடரும் சேர்ந்தால் 4, 5 நிமிடம். ரீடரும் யூஎச்எஸ்-2 என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். "யூஎஸ்பி 3" என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் யூஎச்எஸ்-1. வி60 கார்டு வாங்கிவிட்டுப் பழைய ரீடரிலேயே இறக்குவது பாதிப் பணத்தை வீணாக்குவது.


கருவிழி:

வாங்கிய பிறகு பார்த்துக்கொள்வது பற்றியும் எழுதிவிடுகிறேன். கார்டு கெட்டுப்போவதாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு கையாளுவதில் வருவது.

ஃபார்மட் கேமராவிலேயே செய்யுங்கள், அந்தக் கார்டு எந்தக் கேமராவில் ஓடப்போகிறதோ அதில். கணினியில் செய்தால் ஃபைல் அமைப்பும் துண்டு அளவும் கேமரா எதிர்பார்ப்பதற்கு மாறாக அமையலாம். சோனி கேமராக்கள் படங்களோடு ஒரு தகவல் பட்டியலையும் கார்டில் எழுதிவைக்கும். கணினியில் படங்களை அழித்தாலோ ஃபோல்டர் பெயரை மாற்றினாலோ அந்தப் பட்டியல் பொருந்தாமல் போய், அடுத்த முறை பட்டியலைச் சீர்செய்யட்டுமா என்று கேமரா கேட்கும். கணினி நகலெடுக்க மட்டும். அழிப்பது கேமராவில். கேமராவுக்குப் பிடிபடாமல் போன கார்டு என்றால் எஸ்டி கார்டுகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி கார்டு ஃபார்மேட்டர் நிரலில் செய்துவிட்டு, பிறகு கேமராவில் ஒருமுறை.

ஒவ்வொரு படமாக அழித்து இடம் பண்ணுவது நல்ல பழக்கம் அல்ல. காலி இடம் துண்டுதுண்டாகி எழுதும் வேகம் குறையும், வீடியோவில் அது தெரியும். இறக்கி, இரண்டு இடத்தில் நகல் இருப்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்துவிட்டு, முழுதாக ஃபார்மட்.

எழுதும் விளக்கு எரியும்போது கதவையும் பேட்டரியையும் தொடாதீர்கள். பேட்டரி கடைசிச் சதவீதத்தில் இருக்கும்போது நீண்ட பர்ஸ்ட்டும் வேண்டாம். எழுத்து நடுவில் அறுந்தால் அந்த ஒரு படம் மட்டும் போவதில்லை, ஃபைல் பட்டியலே சிதைந்து கார்டு முழுக்கக் காலி என்று காட்டக்கூடும்.

பக்கவாட்டில் இருக்கும் பூட்டுப் பொத்தானுக்கும் கார்டின் மின்சுற்றுக்கும் தொடர்பு கிடையாது. அது எங்கே இருக்கிறது என்பதை ஸ்லாட்டில் உள்ள ஒரு சிறு சுவிட்ச்தான் பார்க்கிறது. பொத்தான் தளர்ந்துவிட்டால் செருகும்போதே கீழே நழுவி "கார்டு பூட்டப்பட்டுள்ளது" என்று வரும். அப்படி ஆன கார்டை நகலெடுத்துவிட்டு ஒதுக்கிவிடுங்கள். தொடுபுள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புகள் உடைவதும் அதிகம், உடைந்த சில்லு ஸ்லாட்டுக்குள் மாட்டினால் செலவு கேமராவுக்கு. சோனியின் டஃப் வகைக் கார்டுகளில் சிலவற்றில் இந்தத் தடுப்பும் பொத்தானும் இல்லாமலே செய்திருப்பது இதற்காகத்தான். தினமும் பலமுறை கழற்றி மாட்டுபவர்களுக்கு அது உபயோகம்.


தேன்சிட்டு:

ஒருவேளை படங்கள் இருக்கும் கார்டைத் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டால்?


நிழல்விரல்:

அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துப் பூட்டுப் பொத்தானைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு படம்கூட அதில் எடுக்கக் கூடாது. சாதாரண ஃபார்மட் ஃபைல் பட்டியலைத்தான் புதிதாக்குகிறது, படங்களின் தரவு மேலே வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். சில கேமராக்களின் முழு ஃபார்மட், கேனானில் லோ லெவல் ஃபார்மட் என்று இருப்பது, தரவையும் துடைக்கும். அங்கே நம்பிக்கை குறைவு.

மீட்புக்கு ஃபோட்டோரெக் இலவசம், ரா வகைகளையும் அறியும். முதலில் கார்டு முழுவதையும் கணினியில் ஒரே இமேஜ் ஃபைலாக நகலெடுங்கள், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கு ஏற்றது. மீட்பு முயற்சியெல்லாம் அந்த நகலின் மேல். கிடைக்கும் படங்களை வேறு வட்டில் சேமியுங்கள், மீட்கும் கார்டிலேயே எழுதவே கூடாது. ஃபோட்டோரெக் ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுப்பதால் பழைய பெயரும் ஃபோல்டரும் வராது, எடுத்த தேதி படத்தின் உள்ளே இருப்பதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். படங்கள் பெரும்பாலும் முழுதாக வரும். வீடியோ கார்டில் துண்டுதுண்டாக எழுதப்பட்டிருந்தால் ஓடாத ஃபைலாகத்தான் கிடைக்கும்.

கார்டு கணினியில் தெரியவே இல்லை, அல்லது கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது என்றால் அது மென்பொருளால் ஆகிற காரியம் இல்லை, நிர்வகிக்கும் சில்லு போயிருக்கிறது. மறுபடி மறுபடி செருகிப் பார்க்காமல், ஃபிளாஷ் நினைவகத்தை நேராகப் படிக்கும் வசதியுள்ள தரவு மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

அறிகுறி காட்டும் கார்டைக் காத்திருந்து பார்க்க வேண்டாம். ஒரு முறை கார்டு பிழை வந்தால் தொடுபுள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஃபார்மட் செய்து, எஃப்3 சோதனையை முழுக்க ஓட்டுங்கள். சுத்தமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறையும் பிழை வந்தால், அல்லது நகலெடுக்கும்போது ஏதாவது ஒரு ஃபைலில் மட்டும் நின்று திணறினால், அந்தக் கார்டின் மேல் ஒரு குறி போட்டுக் கேமரா பையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.